எச்எஸ்ஏ: சேரும் முன் தகுதியைப் பாருங்கள், எடுக்கும் முன் ரசீதைப் பாருங்கள்

அமெரிக்காவில் வேலை பார்ப்பவர்களுக்கு ஆண்டு இறுதி நெருங்கும்போது ஓப்பன் என்ரோல்மென்ட், அதாவது அடுத்த ஆண்டுக்கான காப்பீட்டைத் தேர்ந்தெடுக்கும் காலம், வரும். நிறுவனம் தரும் இரண்டு மூன்று காப்பீட்டுத் திட்டங்களில் ஒன்றின் பெயரில் மட்டும் எச்எஸ்ஏ என்று சேர்த்துப் போட்டிருப்பார்கள். பிரீமியம் குறைவாக இருக்கிறதே என்று யோசிக்காமல் அதில் சேர்பவர்கள் உண்டு. டிடக்டிபிள் தொகையை, அதாவது காப்பீடு பணம் கொடுக்கத் தொடங்கும் முன் நீங்களே கட்ட வேண்டிய தொகையை, பார்த்ததும் மிரண்டு ஒதுங்குபவர்களும் உண்டு. அரை மணி நேரம் உட்கார்ந்து கணக்குப் போட்டால் எது உங்களுக்குச் சரி என்று தெரிந்துவிடும்.

எச்எஸ்ஏ என்றால் ஹெல்த் சேவிங்ஸ் அக்கவுன்ட், மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கு. 2003இல் இயற்றிய சட்டத்தின்படி 2004 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. கணக்கு உங்கள் சொந்தப் பெயரில் இருக்கும், நிறுவனத்துக்கு அதில் உரிமை கிடையாது. போடும் பணத்துக்கு ஃபெடரல் வருமான வரி இல்லை, உள்ளே வளரும் பணத்துக்கும் இல்லை, மருத்துவச் செலவுக்கு எடுத்தால் அப்போதும் இல்லை. 401கே என்ற ஓய்வூதியச் சேமிப்புக் கணக்கில் போடும்போதோ எடுக்கும்போதோ ஒருமுறை வரி கட்டியே ஆக வேண்டும். இங்கே இரண்டு முனையிலும் வரி இல்லை.

இன்னொரு சலுகையைப் பலர் கவனிப்பதில்லை. சம்பளப் பிடித்தம் வழியாகப் போட்டால் சோஷியல் செக்யூரிட்டிக்கான 6.2 சதவீதமும் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேருக்கான 1.45 சதவீதமும் அந்தத் தொகைக்குப் பிடிக்கப்படாது. கையிலிருக்கும் பணத்தை நீங்களே நேரடியாகப் போட்டால் வருமான வரிக் கழிவு மட்டும் கிடைக்கும், இந்த 7.65 சதவீதம் திரும்ப வராது. எனவே நிறுவனத்தில் வசதி இருந்தால் சம்பளம் வழியாகவே போடுங்கள். கலிஃபோர்னியாவிலும் நியூ ஜெர்சியிலும் இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அந்த இரு மாநிலங்களின் வருமான வரியில் எச்எஸ்ஏவுக்குச் சலுகை கிடையாது. ஃபெடரல் சலுகை அங்கேயும் முழுமையாக உண்டு.

யார் போடலாம்

பெரும்பாலான சிக்கல்கள் இங்கேதான் தொடங்குகின்றன. தகுதி ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பதல்ல, மாதாமாதம் பார்ப்பது. ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று உங்கள் நிலை என்ன என்பதே கணக்கு. நான்கு நிபந்தனைகள்: வரித்துறையான ஐஆர்எஸ்ஸின் வரையறைக்குள் வரும் ஹை டிடக்டிபிள் ஹெல்த் பிளானில் இருக்க வேண்டும், அதற்கு மேல் வேறு பொது மருத்துவக் காப்பீடு இருக்கக் கூடாது, மெடிகேரில் சேர்ந்திருக்கக் கூடாது, வேறொருவரின் வரிப் படிவத்தில் டிபெண்டன்டாக (அவரைச் சார்ந்திருப்பவராக) காட்டப்படும் நிலையில் இருக்கக் கூடாது. குடியுரிமை பற்றி நிபந்தனை எதுவும் இல்லை. எச்-1பி விசாவில் இருப்பவரும் கிரீன் கார்டு வைத்திருப்பவரும் ஒரே விதியின்கீழ்தான் வருவார்கள்.

முதல் நிபந்தனைக்கு 2026ஆம் ஆண்டின் எண்கள்: டிடக்டிபிள் தனிநபருக்குக் குறைந்தது 1,700 டாலர், குடும்பத்துக்கு 3,400 டாலர். ஓராண்டில் உங்கள் கையிலிருந்து போகக்கூடிய உச்சத் தொகை தனிநபருக்கு 8,500, குடும்பத்துக்கு 17,000 டாலரைத் தாண்டக் கூடாது. ஆனால் டிடக்டிபிள் அதிகமாக இருந்தால் மட்டும் போதாது. டாக்டரைப் பார்க்க முதல் நாளிலிருந்தே 30 டாலர் கோபே (ஒவ்வொரு முறைக்குமான நிலையான கட்டணம்) மட்டும் கட்டினால் போதும் என்று சொல்லும் திட்டம், டிடக்டிபிள் 3,000 டாலராக இருந்தாலும், தகுதி பெறாது. ஆண்டுப் பரிசோதனை, தடுப்பூசி போன்ற தடுப்புச் சிகிச்சைகள், இன்சுலின், தொலைபேசி அல்லது வீடியோ வழி ஆலோசனை போன்ற சிலவற்றுக்கு மட்டுமே டிடக்டிபிளுக்கு முன்பே காப்பீடு பணம் கொடுக்கலாம். திட்டத்தின் ஆவணத்தில் "எச்எஸ்ஏ தகுதி உள்ளது" என்று வெளிப்படையாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். எண்களை வைத்து நீங்களாக ஊகிக்க வேண்டாம். நிறுவனம் வழியாக இல்லாமல் மார்க்கெட்பிளேஸ் என்ற அரசின் காப்பீட்டுச் சந்தையில் தாங்களே காப்பீடு வாங்குபவர்களுக்கு 2025 ஜூலையில் வந்த சட்டம் ஒரு கதவைத் திறந்திருக்கிறது. 2026 ஜனவரி முதல் அங்கே கிடைக்கும் ப்ரான்ஸ் (வெண்கலத் தர) திட்டங்களும், பெரும் செலவுகளுக்கான கட்டஸ்ட்ராஃபிக் திட்டங்களும் எச்எஸ்ஏவுக்குத் தகுதி பெறுகின்றன.

இரண்டாவது நிபந்தனையில்தான் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் குடும்பங்கள் சிக்குகின்றன. உங்கள் மனைவி அவருடைய அலுவலகத்தில் எஃப்எஸ்ஏ எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எஃப்எஸ்ஏ என்பது ஃப்ளெக்ஸிபிள் ஸ்பெண்டிங் அக்கவுன்ட், நிறுவனம் நடத்தும் மருத்துவச் செலவுக் கணக்கு. சாதாரண எஃப்எஸ்ஏ கணவரின் மருத்துவச் செலவுக்கும் பணம் கொடுக்கும். ஆகவே அது உங்களுக்கும் "வேறு காப்பீடு" ஆகிவிடுகிறது. அந்தப் பணத்தில் உங்களுக்காக ஒரு டாலர்கூட எடுக்கவில்லை என்பது வாதமாகாது. எடுக்க முடியும் என்பதே உங்கள் தகுதியைப் பறிக்கப் போதுமானது. பல் மற்றும் கண் செலவுக்கு மட்டுமான லிமிடெட் பர்பஸ் எஃப்எஸ்ஏ இருந்தால் பாதகம் இல்லை. குழந்தைப் பராமரிப்புக்கான டிபெண்டன்ட் கேர் எஃப்எஸ்ஏ முற்றிலும் வேறு விஷயம், அதுவும் தடையில்லை.

போன ஆண்டு எஃப்எஸ்ஏ வைத்திருந்து இந்த ஆண்டு எச்எஸ்ஏவுக்கு மாறுபவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சில நிறுவனங்களில் எஃப்எஸ்ஏவின் மீதிப் பணம் அடுத்த ஆண்டுக்குத் தானாகவே நகர்ந்துவிடும். அப்படி 12 டாலர் நகர்ந்து சாதாரண எஃப்எஸ்ஏவில் உட்கார்ந்தாலும், அடுத்த ஆண்டு முழுவதும் எச்எஸ்ஏவில் போடும் தகுதி போய்விடும். டிசம்பர் 31க்குள் அந்த இருப்பைப் பூஜ்யமாக்குங்கள், அல்லது லிமிடெட் பர்பஸ் எஃப்எஸ்ஏவுக்கு மாற்றச் சொல்லி பென்ஃபிட்ஸ் பிரிவுக்கு எழுதுங்கள். இரண்டரை மாதச் சலுகைக் காலம் தரும் நிறுவனமாக இருந்தாலும் ஆண்டு முடிவில் இருப்பு பூஜ்யம் என்றால் பிரச்சினை இல்லை.

எந்தத் திட்டம் லாபம்: கணக்கு

மூன்று எண்களை எடுத்துக்கொள்ளுங்கள்: இரண்டு திட்டங்களின் ஆண்டுப் பிரீமியத்துக்கும் உள்ள வித்தியாசம், நிறுவனம் உங்கள் எச்எஸ்ஏவில் இலவசமாகப் போடும் தொகை, இரண்டு திட்டங்களிலும் மோசமான ஆண்டில் உங்கள் கையிலிருந்து போகும் உச்சத் தொகை.

உதாரணத்துக்கு, எச்எஸ்ஏ இல்லாத வழக்கமான பிபிஓ வகைத் திட்டத்துக்கு மாதம் 180 டாலர், எச்எஸ்ஏ திட்டத்துக்கு 80 டாலர் என்றால் ஆண்டுக்கு 1,200 மிச்சம். நிறுவனம் 600 போடுகிறது. மொத்தம் 1,800. பிபிஓவின் உச்சத் தொகை 3,000, எச்எஸ்ஏ திட்டத்தின் உச்சத் தொகை 4,000 என்றால், அறுவை சிகிச்சை, ஆஸ்பத்திரி வாசம் என்று மிக மோசமாகப் போகும் ஆண்டில்கூட எச்எஸ்ஏ திட்டம் 800 டாலர் முன்னால் நிற்கும். நோய் நொடி இல்லாத ஆண்டில் 1,800ம் உங்களுடையது. அதே கணக்கில் பிரீமியம் வித்தியாசம் மாதம் 20 டாலர்தான், நிறுவனம் ஒன்றும் போடவில்லை என்றால் பதில் தலைகீழாகும். ஆண்டு முழுவதும் விலை உயர்ந்த மருந்து சாப்பிடுபவர் அப்படிப்பட்ட இடத்தில் எச்எஸ்ஏவுக்குப் போகக் கூடாது என்பதே எங்கள் கருத்து.

வரிச் சேமிப்பை இந்த ஒப்பீட்டில் முழுதாகச் சேர்க்காதீர்கள். பிபிஓ எடுப்பவரும் எஃப்எஸ்ஏ வழியாக 2026இல் 3,400 டாலர் வரை வரியில்லாமல் ஒதுக்கலாம். வரிச் சேமிப்பில் எச்எஸ்ஏவின் உண்மையான கூடுதல் பலம், மீதிப் பணம் காலாவதியாகாமல் ஆண்டுக்கு ஆண்டு தங்குவது. எஃப்எஸ்ஏவில் நிறுவனம் அனுமதித்தால் 2026லிருந்து அடுத்த ஆண்டுக்கு 680 டாலர் வரை நகரும், அதற்கு மேல் இருப்பது கைவிட்டுப் போகும். எஃப்எஸ்ஏவுக்கும் ஒரு நன்மை உண்டு: ஆண்டு முழுவதற்கும் ஒப்புக்கொண்ட தொகை முதல் நாளே கையில் இருக்கும். எச்எஸ்ஏவில் இதுவரை சேர்ந்த பணத்தைத்தான் எடுக்க முடியும். ஆகவே ஜனவரியில் பெரிய சிகிச்சை காத்திருக்கிறது, கையிருப்பு இல்லை என்றால் எஃப்எஸ்ஏ கைகொடுக்கும்.

குடும்பத் திட்டத்தில் டிடக்டிபிள் எப்படி வேலை செய்கிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பல எச்எஸ்ஏ திட்டங்களில் ஒருவருக்குத் தனி டிடக்டிபிள் கிடையாது. குடும்பம் மொத்தமாகச் சேர்ந்து முழுத் தொகையைத் தாண்டிய பிறகுதான் யாருக்கானாலும் காப்பீடு பணம் கொடுக்கத் தொடங்கும்.

எவ்வளவு போடலாம்

2026இல் தனிநபர் காப்பீட்டுக்கு 4,400 டாலர், குடும்பக் காப்பீட்டுக்கு 8,750 டாலர். 55 வயது நிறைந்தவர் கூடுதலாக 1,000 டாலர் போடலாம். நிறுவனம் போடுவதும் இந்த வரம்புக்குள் அடக்கம். நிறுவனம் 600 போட்டால் தனிநபர் போட மீதியிருப்பது 3,800. 22 சதவீத வரி அடுக்கில் இருப்பவர் இதைச் சம்பளம் வழியாகப் போட்டால் 22ம் 7.65ம் சேர்ந்து 29.65 சதவீதம், அதாவது சுமார் 1,127 டாலர் வரி மிச்சம்.

எச்எஸ்ஏவில் கூட்டுக் கணக்கு கிடையாது. கணவன் மனைவி இருவருக்கும் தகுதி இருந்தால் குடும்ப வரம்பான 8,750ஐ இருவரும் பிரித்துக்கொள்ள வேண்டும், ஆளுக்கு 8,750 போட முடியாது. இரண்டு நிறுவனங்களும் ஒன்றையொன்று அறியாமல் பிடித்தம் செய்துகொண்டே போகும், யாரும் உங்களை எச்சரிக்க மாட்டார்கள். 55 தாண்டியவர்களுக்கான 1,000 மட்டும் அவரவர் பெயரில் உள்ள கணக்கில்தான் போக வேண்டும்.

ஆண்டின் நடுவில் தகுதி பெற்றால் மாதக் கணக்கு. ஆகஸ்ட் 1 முதல் தனிநபர் காப்பீடு என்றால் ஐந்து மாதத்துக்கு 4,400இல் பன்னிரண்டில் ஐந்து பங்கு, அதாவது 1,833 டாலர். இதற்கு ஒரு விலக்கு இருக்கிறது: டிசம்பர் 1 அன்று தகுதியோடு இருந்தால் முழு ஆண்டுத் தொகையையும் போடலாம். ஆனால் அடுத்த ஆண்டு டிசம்பர் 31 வரை அந்தத் தகுதி குறையாமல் இருந்தாக வேண்டும். இடையில் வேலை மாறி வேறு காப்பீட்டுக்குப் போய்விட்டால், கூடுதலாகப் போட்ட 2,567 டாலரும் வருமானத்தில் சேரும், அதன்மேல் 10 சதவீதக் கூடுதல் வரியும் விழும். வேலை மாறும் எண்ணம் துளியும் இருந்தால் இந்த விலக்கைத் தொடாதீர்கள்.

ஓர் ஆண்டுக்கான பணத்தை அடுத்த ஆண்டு ஏப்ரல் 15 வரை போடலாம். அப்படி நேரடியாகப் போடும்போது எந்த ஆண்டுக்கானது என்று கணக்கு நிறுவனத்தின் (எச்எஸ்ஏ கணக்கை நடத்தும் நிறுவனத்தின்) தளத்தில் சரியாகத் தேர்ந்தெடுங்கள். சம்பளப் பிடித்தத் தொகையை எஃப்எஸ்ஏ போல ஆண்டுக்கு ஒருமுறை பூட்டிவைக்க வேண்டியதில்லை, நடுவிலும் கூட்டலாம், குறைக்கலாம்.

திறந்த உடனே செய்ய வேண்டியது

காப்பீடு தொடங்கிய நாளும் எச்எஸ்ஏ தொடங்கிய நாளும் ஒன்றல்ல. கணக்கு நிறுவப்படுவதற்கு முன்னால் நடந்த சிகிச்சைக்கு அந்தப் பணத்தை வரியில்லாமல் எடுக்கவே முடியாது. காப்பீடு ஜனவரி 1 முதல் இருக்க, கணக்கைத் திறந்து பணம் போடாமல் மார்ச் வரை விட்டுவிட்டு, பிப்ரவரியில் எலும்பு முறிவுக்குச் செலவழித்தால் அந்தச் செலவு வெளியே போய்விடும். காப்பீடு தொடங்கும் மாதத்திலேயே கணக்கைத் திறந்து சிறு தொகையாவது போட்டுவிடுங்கள்.

பில் வந்தால்

டாக்டரிடம் போனால் காப்பீட்டு அட்டையைக் கொடுங்கள். கவுன்டரில் முழுத் தொகையைக் கேட்டால், காப்பீட்டுக்கு அனுப்பிவிட்டு பில் அனுப்புமாறு சொல்லுங்கள். டிடக்டிபிள் முடியாவிட்டாலும் உங்களுக்குக் கிடைக்க வேண்டியது காப்பீட்டு நிறுவனம் பேரம் பேசி வைத்திருக்கும் குறைந்த விலை. சில வாரங்களில் காப்பீட்டிடமிருந்து இஓபி என்ற விளக்கத் தாள் வரும். அதில் நீங்கள் கட்ட வேண்டியதாக இருக்கும் தொகையும் ஆஸ்பத்திரி பில்லும் ஒத்துப்போனால் மட்டும் பணம் கட்டுங்கள். முதலிலேயே கட்டிவிட்டால் கூடுதல் பணத்தைத் திரும்ப வாங்குவது உங்கள் பொறுப்பாகிவிடும், அதை மறுபடி எச்எஸ்ஏவில் சேர்க்கும் வேலையும் உங்களுக்கே. ஆண்டுப் பரிசோதனை இலவசம்தான். ஆனால் அதே சந்திப்பில் முழங்கால் வலியைப் பற்றித் தனியாகப் பேசிச் சிகிச்சை வாங்கினால் அதற்குத் தனி பில் வரலாம்.

எச்எஸ்ஏ டெபிட் கார்டைத் தேய்க்கும்போது யாரும் சரிபார்ப்பதில்லை, ஐஆர்எஸ் கேட்டால் நிரூபிக்க வேண்டியது நீங்கள். ஒவ்வொரு செலவுக்கும் மூன்றைச் சேர்த்து வையுங்கள்: இஓபி, தேதியும் சிகிச்சையின் பெயரும் உள்ள பில், பணம் கட்டிய ரசீது. கிரெடிட் கார்டு பட்டியல் மட்டும் ஆதாரமாகாது. மருந்துக் கடை ரசீதின் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும், அன்றே படமெடுத்து ஆண்டுவாரியாகச் சேமியுங்கள்.

டாக்டர் கட்டணம், பல் சிகிச்சை, கண்ணாடி, கான்டாக்ட் லென்ஸ், மருந்துச் சீட்டில் வாங்கும் மருந்து எல்லாம் செல்லும். 2020 முதல் சீட்டு இல்லாமல் வாங்கும் காய்ச்சல், ஒவ்வாமை மருந்துகளும் நாப்கின் போன்ற மாதவிடாய்ப் பொருட்களும் சேர்ந்திருக்கின்றன. பற்பசை, பொது ஆரோக்கியத்துக்கான வைட்டமின், அழகுக்கான அறுவை சிகிச்சை செல்லாது. காப்பீட்டுப் பிரீமியமும் பொதுவாகச் செல்லாது. வேலை போன பிறகு பழைய நிறுவனத்தின் காப்பீட்டையே தொடரக் கட்டும் கோப்ரா பிரீமியம், வேலையின்மை உதவித்தொகை வாங்கும் காலத்தில் கட்டும் பிரீமியம், 65க்குப் பிறகு மெடிகேர் பிரீமியம் ஆகியவை முக்கிய விலக்குகள். மெடிகேருக்குத் துணையாகத் தனியே வாங்கும் மெடிகேப் காப்பீட்டின் பிரீமியத்துக்கு அந்த விலக்கு இல்லை.

ஊருக்குப் போகும்போது பல் கட்டிக்கொண்டு வருபவர்கள் கவனிக்க: வெளிநாட்டில் செய்த சிகிச்சையும், இரு நாட்டிலும் சட்டப்படி சரியானதாக இருந்தால், செல்லும். தேதி, சிகிச்சை, தொகை தெளிவாக உள்ள அச்சிட்ட பில்லைக் கேட்டு வாங்குங்கள், அன்றைய மாற்று விகிதத்தையும் குறித்து வையுங்கள். ஆனால் அங்கே ஆறு மாத மருந்தை வாங்கிப் பெட்டியில் எடுத்துவருவது பொதுவாகச் செல்லாது. அங்கேயே வாங்கி அங்கேயே சாப்பிட்டது வேறு.

யாருடைய செலவுக்கு எடுக்கலாம்? உங்களுக்கு, கணவன் அல்லது மனைவிக்கு, வரிச் சட்டப்படியான டிபெண்டன்டுகளுக்கு. அவர்கள் உங்கள் காப்பீட்டில் இருக்க வேண்டும் என்பதில்லை. பிள்ளைகள் விஷயத்தில் பலர் தடுமாறுகிறார்கள்: 26 வயது வரை காப்பீட்டில் வைத்திருக்கலாம், ஆனால் வேலைக்குப் போய் உங்கள் டிபெண்டன்ட் அல்லாமல் ஆன மகளின் பில்லை உங்கள் எச்எஸ்ஏவிலிருந்து கட்டக் கூடாது. அவர் தகுதியுள்ள குடும்பத் திட்டத்தில் இருப்பதால் தன் பெயரில் சொந்த எச்எஸ்ஏ திறந்துகொள்ளலாம். அமெரிக்கக் குடியுரிமை இல்லாமல் இந்தியாவிலோ இலங்கையிலோ வசிக்கும் பெற்றோருக்கு மாதாமாதம் பணம் அனுப்பினாலும் அவர்கள் டிபெண்டன்ட் ஆக மாட்டார்கள், அவர்களின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு இந்தப் பணத்தை எடுக்கக் கூடாது.

மருத்துவம் அல்லாத செலவுக்கு எடுத்தால் வருமான வரியோடு 20 சதவீத அபராதமும் உண்டு. 65 வயதுக்குப் பிறகு அபராதம் இல்லை, வருமான வரி மட்டும்.

கையில் வசதி இருப்பவர்களுக்கு ஒரு யோசனை. இன்றைய பில்லைச் சொந்தப் பணத்தில் கட்டுங்கள், எச்எஸ்ஏ பணத்தை முதலீட்டில் விடுங்கள். கணக்கு திறந்த பிறகு நடந்த செலவை எத்தனை ஆண்டு கழித்தும் எடுத்துக்கொள்ளலாம், காலக்கெடு கிடையாது. ரசீது பத்திரமாக இருக்க வேண்டும், அதே செலவை வரிப் படிவத்தில் மருத்துவக் கழிவாகக் காட்டியிருக்கக் கூடாது. கணக்கு நிறுவனம் மாதக் கட்டணம் வாங்குகிறதா, முதலீட்டுக்கு முன் எவ்வளவு ரொக்கம் வைக்கச் சொல்கிறது என்று பாருங்கள். பிடிக்காவிட்டால் வேறு நிறுவனத்துக்கு நேரடியாக மாற்றலாம். காசோலையாக உங்கள் கைக்கு வரும் வழியைத் தவிருங்கள், அதற்கு 60 நாள் கெடுவும் 12 மாதத்துக்கு ஒருமுறை என்ற கட்டுப்பாடும் உண்டு.

வரி தாக்கல் செய்யும்போது

பணம் போட்டாலும் எடுத்தாலும் ஃபார்ம் 8889 நிரப்ப வேண்டும். நிறுவனம் தரும் ஆண்டுச் சம்பளப் படிவமான டபிள்யூ-2இன் 12ஆம் பெட்டியில் டபிள்யூ என்ற குறியீட்டோடு ஒரு தொகை இருக்கும். நிறுவனம் போட்டதும் உங்கள் சம்பளத்தில் பிடித்ததும் சேர்ந்த தொகை அது. "நீங்கள் எவ்வளவு போட்டீர்கள்" என்று மென்பொருள் கேட்கும்போது சம்பளப் பிடித்தத்தை மறுபடி எழுதுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. இரட்டிப்பாகி, வரம்பு மீறியதாகக் காட்டும். அங்கே எழுத வேண்டியது வங்கியிலிருந்து நேரடியாகப் போட்டதை மட்டும். எந்தெந்த மாதம் எந்தக் காப்பீடு என்ற கேள்வியை நிரப்பாமல் விட்டாலும் இதே எச்சரிக்கை வரும். எடுத்த பணத்துக்கு 1099-எஸ்ஏ வரும். போட்டதற்கான 5498-எஸ்ஏ மே மாதம்தான் வரக்கூடும், அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

நிஜமாகவே வரம்பு மீறியிருந்தால் கணக்கு நிறுவனத்திடம் "கூடுதல் தொகையை அகற்றும்" படிவத்தைக் கேளுங்கள். சாதாரணமாக எடுத்தால் அது வரம்பு மீறலைச் சரிசெய்ததாகாமல் வழக்கமான பணமெடுப்பாகவே கருதப்படும். தாக்கல் கெடுவுக்குள், நீட்டிப்புக் காலம் உட்பட, அந்தத் தொகையையும் அதன் வருவாயையும் எடுத்துவிட்டால் 6 சதவீத அபராத வரி இல்லை. விட்டுவைத்தால் அது ஒவ்வோர் ஆண்டும் விழும். அட்டையைத் தவறுதலாகத் தேய்த்த பணத்தையும், தவறு தெரிந்த ஆண்டுக்கு அடுத்த ஏப்ரல் 15க்குள், கணக்கு நிறுவனம் ஏற்றுக்கொண்டால் திரும்பச் செலுத்தலாம்.

65ஐ நெருங்கியும் வேலையில் இருப்பவர்கள் தேதியைக் கணக்கிடுங்கள். 65க்குப் பிறகு மெடிகேருக்கு விண்ணப்பித்தால் அதன் ஆஸ்பத்திரிக் காப்பீட்டுப் பகுதியான பார்ட் ஏ ஆறு மாதம் வரை பின்தேதியிட்டுத் தொடங்கும், அந்த மாதங்களில் போட்ட பணம் வரம்பு மீறியதாகிவிடும். எனவே விண்ணப்பிக்க ஆறு மாதம் முன்பே பிடித்தத்தை நிறுத்துங்கள். சேர்ந்த பணத்தைச் செலவழிக்கத் தடை எப்போதும் இல்லை. வேலை போனாலும், வேறு காப்பீட்டுக்கு மாறினாலும் அப்படியே.

கணக்கில் வாரிசுதாரர் பெயரை எழுதாமல் விட்டவர்கள் நிறைய பேர். கணவன் அல்லது மனைவியின் பெயர் இருந்தால் உங்களுக்குப் பின் அது அவருடைய எச்எஸ்ஏவாகவே தொடரும். பிள்ளையின் பெயரோ வேறு யாருடைய பெயரோ இருந்தால் கணக்கு அன்றோடு எச்எஸ்ஏ என்ற தகுதியை இழக்கும், முழு இருப்பும் அவருடைய அந்த ஆண்டு வருமானத்தில் சேரும். உங்கள் கடைசி மருத்துவ பில்களை அவர் ஓராண்டுக்குள் கட்டினால் அந்த அளவுக்கு மட்டும் குறையும். கணக்கின் தளத்தில் பெனிஃபிஷியரி பக்கத்தைத் திறந்து பெயரை நிரப்புங்கள், திருமணம் ஆனதும் மறுபடி ஒருமுறை பாருங்கள்.